தலைவரும் தலைவியும்: மாணவர் பேரவை வரலாற்றில் அகமும் புறமும்

1

மாணவர் தலைவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தொடர்ந்து வாசித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஒருவன் மேடையேறிப் பேசுகிறான். கூட்டம் சேர்கிறது. காவல்துறை தடியோடு வருகிறது. அவன் சிறைக்குப் போகிறான். பிறகு சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போகிறான். இல்லையென்றால் கொல்லப்பட்டுச் சுவரில் படமாகிறான். நினைவுக் குறிப்பு, வாழ்க்கை வரலாறு, ஆண்டுவிழா மலர், திரைப்படம் எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டகம்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தச் சட்டகம் பழக்கமானது. புறத்திணையில் தலைவனுக்குப் பெயர் உண்டு. ஊர், குடி, போர், புண் எல்லாம் உண்டு. செத்தால் நடுகல் உண்டு. அகத்திணையில் யாருடைய இயற்பெயரையும் சுட்டக் கூடாது. சுட்டினால் அது அகமாக நில்லாது. பாட்டு முழுவதும் தலைவியின் குரலாக இருந்தாலும் அவள் பெயர் நமக்குத் தெரியாது. மாணவர் பேரவைகளின் வரலாறும் இந்த இலக்கணப்படியே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். பேச்சும் கைதும் புறம். அதற்குப் பெயர் உண்டு. விடுதி வாயில், அறை வாடகை, சேர்க்கைப் பட்டியல், துன்புறுத்தல் புகார், கூட்டக் குறிப்பேடு இவையெல்லாம் அகம். இந்த வேலையைச் செய்தவர்கள் வரலாற்றில் 'மாணவர்கள்' என்ற பன்மைக்குள் கரைந்துவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

இதற்கு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1969இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பேரவையைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்தியாவில் வேறு பேரவையைப் பற்றி எழுதப்படவில்லை. பேரவையின் சட்டவிதிகளை மாணவர்களே எழுதினார்கள். தேர்தலை நடத்தும் ஆணையமும் மாணவர்களுடையது. கையால் எழுதிய போஸ்டர், தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர்களின் நள்ளிரவு தாண்டிய விவாதம், யாரும் எழுந்து கேள்வி கேட்கக்கூடிய பொதுக்குழுக் கூட்டம் என்று ஒரு மரபு அங்கே உருவானது. எழுத்து மிகுந்திருக்கும் இடத்தில்தான் எழுத்தின் விடுபடல்களையும் தெளிவாகக் காண முடியும்.

2

1975 செப்டம்பர் 25. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. சாதாரண உடையில் வந்த காவல்துறையினர் வளாகத்துக்குள் காரை ஓட்டிவந்து பிரபீர் புர்காயஸ்தா என்ற ஆய்வு மாணவரைத் தூக்கிச் சென்றார்கள். அவர்கள் தேடி வந்தது பேரவைத் தலைவர் தேவி பிரசாத் திரிபாதியை. ஆள் மாறிப்போனது தெரிந்தும் பிரபீரை விடவில்லை. மிசா சட்டத்தில் ஏறத்தாழ ஓராண்டு சிறையில் வைத்தார்கள். அன்று காலை வகுப்புக்கு வந்த மேனகா காந்தியைத் திரிபாதி தடுத்து நிறுத்தி, வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் பிரதமரின் மருமகள். அதன் விளைவே இந்தக் கைது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் முன்னும் இது வந்தது. வரலாற்றாசிரியர் கியான் பிரகாஷ் 2018இல் வெளியிட்ட நெருக்கடி நிலை பற்றிய நூலில் இந்தக் கைதுக்கு முக்கிய இடமுண்டு.

கதை நன்றாக இருக்கிறது. கார், ஆள்மாறாட்டம், அதிகாரத்தின் ஆணவம் எல்லாம் இருக்கின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அன்று மேனகாவை வகுப்புக்குப் போக வேண்டாம் என்று ஏன் சொன்னார்கள்? வளாகத்தில் மூன்று நாள் வகுப்புப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. எதற்காக? பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரைப் பல்கலைக்கழகம் நீக்கியிருந்தது. அவர் பெயர் அசோக லதா ஜெயின்.

நெருக்கடி நிலையில், பேசினாலே சிறை என்றிருந்த நாட்களில், ஒரு வளாகமே ஒரு பெண் பிரதிநிதிக்காக வகுப்பை நிறுத்தியிருக்கிறது. சாதாரணச் செய்தி அல்ல இது. அவர் என்ன வேலை செய்தார், யாருக்காகப் பேசினார், நிர்வாகம் அவரைக் கண்டு ஏன் அஞ்சியது என்று கேட்கத் தோன்ற வேண்டும். ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் கதையில் அவர் முதல் பத்தியிலேயே முடிந்துபோகிறார். சம்பவத்துக்குக் காரணமாக ஒரு வரி. பிரபீரின் வாழ்க்கைத் துணை என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகு கதை மூன்று ஆண்களுடையது: கைதானவர், தப்பியவர், கைது செய்ய ஆணையிட்டவர். கதையில் வரும் இரண்டு பெண்களும் உறவுமுறையால் அடையாளம் பெறுகிறார்கள். ஒருவர் மருமகள், மற்றவர் துணைவி. இருவரில் ஒருவர் தேர்தலில் நின்று வென்றவர் என்பது மறைந்துபோகிறது.

யாரும் திட்டமிட்டு மறைத்ததாக நான் சொல்லவில்லை. பெயர் இருக்கத்தான் செய்கிறது. இருப்பதால்தான் எனக்குத் தெரிந்தது. புறப்பாட்டின் வடிவம் சிறையையும் புண்ணையும் கேட்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படுவது அந்த வடிவத்தில் போதுமான புண்ணாகக் கருதப்படவில்லை. ஒரு பெண்ணுக்குப் படிப்பு போவது என்றால் என்னவென்று நம் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

3

இரண்டாவது பெயர் சந்திரசேகர் பிரசாத். பேரவைத் தலைவராக இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1997 மார்ச் 31 அன்று பீகாரின் சிவானில் தெருமுனைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஒவ்வோராண்டும் அவர் நினைவு போற்றப்படுகிறது, போற்றப்பட வேண்டியதுதான். ஆனால் அவர் எப்படி இறந்தார் என்று தெரிந்த அளவுக்கு, பேரவைத் தலைவராக என்ன செய்தார் என்று தெரிவதில்லை.

ஜே.என்.யு. நுழைவுத் தேர்வில் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் முறை ஒன்று இருந்தது. 1983இல் நடந்த பெரும் போராட்டத்தையும் வளாக மூடலையும் அடுத்து அது கைவிடப்பட்டது. 90களின் முற்பாதியில் அதை மீட்டெடுத்த போராட்டத்தில் சந்திரசேகரின் தலைமுறைப் பேரவைகளுக்குப் பங்குண்டு. மீண்டு வந்த அந்த முறையில் பெண்களுக்கும் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. ஒடிசாவின், பீகாரின் சிற்றூர்களிலிருந்து தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் ஏறிய எத்தனையோ பெண்களை உள்ளே கொண்டுவந்தது அந்த நான்கைந்து மதிப்பெண்தான். ஆவணம் திரட்டி, மாவட்டப் பட்டியல் தயாரித்து, கல்விக்குழுவில் வரிக்கு வரி வாதாடிச் செய்த வேலை அது. துப்பாக்கிக் குண்டு அந்த வேலையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

அந்தக் கதையில் நினைவில் நிற்கும் பெண் ஒருவர் இருக்கிறார்: சந்திரசேகரின் தாய் கௌசல்யா தேவி. புறத்திணையில் இதற்கென்றே 'மூதின்முல்லை' என்ற துறை உண்டு. மறக்குடிப் பெண் மகனின் வீரச்சாவில் பெருமிதம் கொள்வாள். கௌசல்யா தேவியையும் அப்படித்தான் மேடையேற்றினார்கள். அவர் செய்தது அந்தத் துறைக்குள் அடங்காது. அரசு கொடுத்த ஒரு லட்சம் ரூபாயைத் திருப்பி அனுப்பினார். கொன்றவர்களைத் தண்டிக்கச் சொன்னார். பெருமிதத்தில் கண்ணீர் விடும் தாயாக அல்லாமல் அரசிடம் கணக்குக் கேட்கும் குடிமகளாக நின்றார். அவரை வீரத்தாய் என்று மட்டும் வாசிப்பது அவருடைய அரசியலைப் பறிப்பதாகும்.

4

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த விசாகா வழக்கின் தீர்ப்பு 1997 ஆகஸ்டில் வந்தது. அதைத் தொடர்ந்து 1999இல் ஜே.என்.யு.வில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான பாலின விழிப்புணர்வுக் குழு அமைந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஜிஎஸ்கேஷ்' என்று அதை அழைத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர் அரசியலின் மிகப் பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால், எந்தப் பேச்சையும் ஊர்வலத்தையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அதன் சிறப்பு அதன் அமைப்பில் இருந்தது. மாணவர் பிரதிநிதிகளை மாணவர்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பேரவைக்கு ஒரு வாக்கு, இந்தக் குழுவுக்குத் தனி வாக்கு. இதன் பொருள், பேரவைத் தலைவர் மீதே புகார் வந்தாலும் அதை விசாரிக்கும் குழு அவர் தயவில் இல்லை என்பது. 'தோழர்' என்ற சொல் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதைப் பெண்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு இங்கே ஒரு விதியாக எழுதப்பட்டது. முழக்கமாக எழுப்பப்படும் பெண் விடுதலைக்கும் விதியாக எழுதப்படும் பெண் விடுதலைக்கும் உள்ள தூரம் பெரிது.

2017 செப்டம்பரில் பல்கலைக்கழகத்தின் செயற்குழு அதைக் கலைத்து, உள்ளகப் புகார்க் குழுவை அமைத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைகளும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. சட்டத்தில் உள்ள அமைப்பு வேண்டும் என்பதில் பிழை இல்லை. ஆனால் பெண்கள் தங்களுக்குள் பேசி, வழக்குகளைப் பார்த்துப் பார்த்து, பதினெட்டு ஆண்டுகள் திருத்தி வளர்த்த ஒன்றை ஒரு கூட்டத்தில் மாற்றிவிட முடிந்தது எப்படி? மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். நாடு முழுவதும் அது 2016இன் தேசத்துரோக வழக்கைப் போலப் பேசப்பட்டதா? இல்லை. அந்த வழக்கில் ஒரு தலைவன் இருந்தான், கைது இருந்தது, நீதிமன்ற வாயிலில் அடி இருந்தது. இங்கே ஒரு குழு இருந்தது, அவ்வளவுதான்.

5

2019 அக்டோபர் இறுதியில் ஜே.என்.யு. விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டது. தனி அறையின் மாத வாடகை 20 ரூபாயிலிருந்து 600 ரூபாய்க்கும், இருவர் தங்கும் அறையின் வாடகை 10 ரூபாயிலிருந்து 300 ரூபாய்க்கும் போனது. மாதம் 1700 ரூபாய் சேவைக் கட்டணம் புதிதாக வந்தது. 'இருபது ரூபாய்க்கு அறையா' என்று தொலைக்காட்சியில் சிரித்தார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருவர் இருந்து, பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால் யாரைத் திரும்ப அழைப்பார்கள் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியாததல்ல. கட்டண உயர்வு முதலில் வெளியேற்றுவது மகள்களை. அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் ஆய்ஷி கோஷ்.

போராட்டம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. 2020 ஜனவரி 5 மாலை முகமூடி அணிந்த கும்பல் ஒன்று தடிகளோடும் இரும்புக் கம்பிகளோடும் வளாகத்துக்குள் புகுந்து தாக்கியது. ஆய்ஷியின் தலை உடைந்தது. கணினி அறையைச் சேதப்படுத்தியதாக அவர் மீதே வழக்கும் பதிவானது. இரண்டு நாள் கழித்து நடிகை தீபிகா படுகோன் வந்து கட்டுப் போட்ட தலையோடு நின்ற ஆய்ஷியின் முன் கைகூப்பினார். அந்தப் படம் உலகம் சுற்றியது. பேச்சு தீபிகாவின் திரைப்படத்தைப் பார்க்கலாமா கூடாதா என்று திரும்பியது.

ஆய்ஷியின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பெண் தலைவர் புறப்பாட்டுக்குள் எப்போது அனுமதிக்கப்படுகிறார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இரத்தம் வந்த பிறகு. அதுவரை அவர் நடத்தியது வாடகைப் பிரச்சினை. அதே மாத இறுதியில், பழைய கட்டணத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை தந்தது. பேரவை தொடுத்த வழக்கு அது. பலர் அடுத்த பருவத்தைப் படிக்க முடிந்தது அந்த ஆணையால். தலையில் கட்டோடு நின்ற படம் நம் நினைவில் இருக்கிறது. அந்த ஆணை இல்லை.

சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 2018 செப்டம்பரில் கனுப்பிரியா மாணவர் பேரவைத் தலைவரானார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். செய்திகள் அந்த 'முதல்' என்ற சொல்லோடு நின்றுவிட்டன. அவர் செய்தது அதைவிடப் பெரிது. பெண்கள் விடுதி இரவில் பூட்டப்படும். ஆண்கள் விடுதிக்கு அந்தப் பூட்டு இல்லை. அந்த வேறுபாட்டை எதிர்த்து ஒன்றரை மாதத்துக்கு மேல் மாணவிகள் அமர்ந்து போராடினார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகம் இணங்கியது. 2015இல் டெல்லியில் தொடங்கிய 'பிஞ்சரா தோட்' இயக்கம், அதாவது 'கூண்டை உடை', தெருவில் கேட்டதை ஒரு பேரவை வாக்கின் பலத்தோடு கேட்டபோது கிடைத்தது. 2017 செப்டம்பரில் காசி இந்துப் பல்கலைக்கழக மாணவிகள் வளாகத்தில் நடந்த பாலியல் தொல்லைக்கு எதிராக வாயிலில் அமர்ந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது தடியடி. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை இல்லை. கூர்மையில் இரண்டு கோபங்களும் ஒன்றுதான். ஒன்றுக்கு அமைப்பு இருந்தது, மற்றதற்கு இல்லை.

6

இந்த வாசிப்புக்கு இரண்டு மறுப்புகள் வரலாம்.

முதலாவது: விடுதியும் மெஸ்ஸும் புகார்க் குழுவும்தான் பெண்களின் வேலை என்று சொல்லி அவர்களை மறுபடியும் வீட்டுக்குள் தள்ளுகிறாயா? நியாயமான அச்சம். என் வாதம் அதற்கு நேர்மாறானது. இந்த வேலைகளே பேரவையின் வேலைகள். ஆண் தலைவர்களையும் இவற்றைக் கொண்டே அளக்க வேண்டும் என்கிறேன். சேர்க்கை மதிப்பெண்ணை மீட்டதை வைத்துச் சந்திரசேகரை அளந்தால் அவர் சிறுத்துப்போக மாட்டார்.

இரண்டாவது: அகம் என்றால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அகமா? இல்லை. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய இலக்கணம் நம்முடையது. பெயர் சுட்டப்படாத தலைவிக்கும் கீழே, பாட்டுக்குள்ளேயே வராதவர்கள் இருந்தார்கள். முற்போக்கு என்று பெயரெடுத்த ஜே.என்.யு. பேரவையில் 1996இல் பத்தி லால் பைர்வாவுக்குப் பிறகு இன்னொரு தலித் தலைவர் வர 2024 வரை ஆனது. அந்த ஆண்டு தனஞ்சய் தலைவரானார். அதே தேர்தலில் பிர்சா அம்பேத்கர் பூலே மாணவர் சங்கத்தின் பிரியான்ஷி ஆர்யா என்ற தலித் பெண் பொதுச் செயலாளரானார். பேரவையின் கடிதமும் கூட்டக் குறிப்பும் பொதுச் செயலாளரின் கையில் இருப்பவை. வரலாற்றில் எழுதப்படாதவர்களின் கைக்குக் குறிப்பேடு வந்திருக்கிறது. இதையும் 'முதல்' என்ற சொல்லுக்குள் அடக்கி முடித்துவிடக் கூடாது.

7

தமிழ்நாட்டிலிருந்து இதை ஏன் எழுதுகிறேன்? நம்மிடமும் பெருமைக்குரிய மாணவர் வரலாறு இருக்கிறது. 1938இன் இந்தி எதிர்ப்பில் கைக்குழந்தைகளோடு சிறை சென்ற பெண்களை நாம் அறிவோம். 1965 என்றதும் நினைவுக்கு வரும் மாணவர் பெயர்கள் வேறு. மதுரையில் அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியைக் கொளுத்திய கா. காளிமுத்துவும் நா. காமராசனும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சுடப்பட்ட ராசேந்திரனும். மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தார். காளிமுத்து பிற்காலத்தில் சட்டப்பேரவைத் தலைவரானார். மாணவர் தலைமை என்பது இங்கே அதிகாரத்துக்கு ஏறும் ஏணியாக இருந்தது. அந்த ஏணியில் ஏறிய பெண் மாணவர் தலைவரின் பெயரைச் சொல்லச் சொன்னால் என் வகுப்பு மட்டுமல்ல, ஆசிரியர் அறையும் யோசிக்கும்.

இன்று ஏணியே இல்லை. நம் கல்லூரிகள் பலவற்றில் தேர்தல் கிடையாது. வகுப்புக்கு ஒரு 'பாய்ஸ் ரெப்', ஒரு 'கேர்ள்ஸ் ரெப்'. துறைத் தலைவர் கை காட்டினால் முடிந்தது. ரெக்கார்டு நோட்டைச் சேர்த்துக் கொடுப்பது, விழாவுக்குக் கோலம் போடுவது, விருந்தினருக்குச் சந்தனம் நீட்டுவது கேர்ள்ஸ் ரெப்பின் பணிகள். விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்பட வேண்டும் என்பதில் அவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

தேர்தல் நடத்தச் சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவற்றிலும் பெண்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. செலவுக்கு 5000 ரூபாய் உச்சவரம்பு நல்லது; பணமும் அடியாளும் உள்ளவர்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் ஆய்வு மாணவர்களுக்கு 28 வயது வரம்பு, 75 விழுக்காடு வருகைப் பதிவு, நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்ற விதிகள் யாரை மனதில் வைத்தவை? பள்ளியிலிருந்து நேராக முனைவர் பட்டம் வரை தடையின்றி நடந்துபோகும் ஒருவனை. திருமணமாகி, பிள்ளை பெற்று, வேலைக்குப் போய், முப்பதைத் தாண்டி ஆய்வுக்குத் திரும்பும் பெண் அந்த விதிகளின் கண்ணில் மாணவியே அல்ல. இந்த விதிகளை எதிர்த்த ஜே.என்.யு.வில் 2008இல் தேர்தல் நிறுத்தப்பட்டு, சில தளர்வுகளுடன் 2012இல்தான் மீண்டும் நடந்தது. அந்தத் தேர்தலில் தலைவராக வந்தவர் சுசேதா தே என்ற பெண்.

ஆகவே இதை வாசிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் கல்லூரியில் தேர்தல் கேளுங்கள். பேரவைக்கும் பாலியல் புகார்க் குழுவின் மாணவர் இடங்களுக்கும் தனித்தனி வாக்குக் கேளுங்கள். மாணவர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 2016இன் விதிமுறையிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம். அடுத்தது, உங்களுக்கு முன் அங்கே படித்த பெண்களைத் தேடுங்கள். விடுதி நேரத்தை மாற்றச் சொல்லி முதல் மனுவை எழுதியவர் யார், கழிவறை கேட்டு முதல்வர் அறைக்கு முன் நின்றவர்கள் யார், அதில் யாருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் அவர்கள் இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருப்பார்கள். அவர்கள் அனுமதியோடு பெயரையும் ஆண்டையும் செய்த வேலையையும் எழுதி வையுங்கள்.